மறுக்கப்பட்ட உணவு: ஒரு நோய் இனங்காணப்பட்ட வரலாறு

இன்றைய மனநோய் வைத்திய நூல் எதைப் புரட்டினாலும், உணவை வலிந்து மறுத்துச் சரீரத்தை எலும்புந் தோலுமாக்கிக்கொள்ளும் அனோரெக்சியா நெர்வோசா என்னும் வியாதிக்கு முதன்மையான இலட்சணமாகச் சொல்லப்படுவது, பருத்துவிடுவோமோ என்ற தீராத அச்சமும், மெலிந்து கிடக்கும் தன் உடலையே பருமனாகக் காணும் மனக்கோளாறுமாகும். ஆயினும், இந்த வியாதிக்குப் பெயரிட்டு அதனை வைத்திய சாஸ்திரத்தில் குடியேற்றிய இரு அறிஞர்கள், 1873ஆம் ஆண்டில் இலண்டனிலும் பாரிஸிலும் தனித்தனியே முன்வைத்த கட்டுரைகளை முதலிலிருந்து முடிவுவரை வாசித்தாலும், தங்கள் நோயாளிகளில் ஒருத்தியேனும் பருமனைக் கண்டு அஞ்சினாள் என்ற குறிப்பு அகப்படுவதில்லை. நோயின் உயிர்நாடி என்று இன்று கருதப்படும் ஒன்று அதன் ஜாதகத்திலேயே இல்லாமற் போனது எப்படி? அவ்விருவர் கண்ணுக்கும் அது தப்பிவிட்டதா, அன்றி அக்காலத்துப் பெண்கள் வேறு காரணத்தால் பட்டினி கிடந்தார்களா? இவ்வினாவை மனத்திற்கொண்டு அந்நோயின் வரலாற்றைத் தொடர்ந்து செல்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

உணவு மறுப்பு புதியதன்று. 1347இல் இத்தாலியின் சியெனா நகரிற் பிறந்து, தமது 33ஆம் வயதில் 1380இல் உயிர்நீத்த புனித கத்தரீன், இளமை முதலே ஆகாரத்தைக் குறைத்துக் குறைத்து, இறுதிக் காலத்தில் ஏறத்தாழ முற்றிலுமே விலக்கியவர். அவரையொத்த இத்தாலியப் பெண் துறவியரின் சரிதங்களைத் திரட்டி ஆராய்ந்த ருடால்ப் பெல் என்னும் வரலாற்றாசிரியர், 1985இல் வெளியிட்ட நூலில், இவர்களுடைய உபவாசத்துக்கும் இக்கால நோய்க்கும் உள்ளமைப்பில் ஒற்றுமை உண்டென்று வாதிட்டார். இரண்டாண்டுகளுக்குள் கரோலின் வாக்கர் பைனம் அம்மையார், இடைக்காலப் பெண்ணுக்கு உணவு என்பது சமய வாழ்வின் மையப் பொருளாக இருந்ததென்றும், அவள் நோன்பை அழகு பற்றிய கவலையோடு இணைப்பது அக்காலத்தை அறியாமையே ஆகுமென்றும் விரிவாக மறுத்து எழுதினார். எனக்குப் பைனம் அம்மையாரின் கட்சியே வலுவுடையதாகத் தோன்றுகிறது. கோப்பெருஞ்சோழன் வடக்கிருந்து உயிர்விட்டதை வியாதி என்று எந்தத் தமிழனும் சொல்லத் துணியமாட்டான். அவன் உண்ணாமை எதற்காக என்பது அவன் காலத்தவர் அனைவருக்கும் விளங்கிய ஒன்று. பட்டினியில் உடல் வாடுவது எக்காலத்தும் ஒருபடித்தாயினும், அப்பட்டினிக்குப் பொருள் தருவது அந்தந்தக் காலமே.

வைத்தியக் கண்கொண்டு இதனை முதலில் நோக்கியவர் என்று பெரும்பாலோர் காட்டுபவர், இலண்டனில் தொழில் நடத்திய ரிச்சர்ட் மார்ட்டன். க்ஷய ரோகம் பற்றி 1689இல் லத்தீனில் அவர் பிரசுரித்த பெருநூலில், காய்ச்சலோ இருமலோ மூச்சுத் திணறலோ இன்றி உடல் உருகிப்போன இருவரைப் பற்றிய விவரம் வருகிறது. ஒருத்தி 18 வயதுப் பெண். மாதவிடாய் நின்று, பசி அற்று, இரவும் பகலும் நூல்களிலேயே மூழ்கிக் கிடந்து, மருந்துகளை வெறுத்தொதுக்கி மாண்டாள். மற்றவன் 16 வயதுச் சிறுவன். படிப்பை நிறுத்தி, கிராமக் காற்றையும் குதிரைச் சவாரியையும் பாலாகாரத்தையும் கைக்கொள்ளுமாறு மார்ட்டன் சொல்ல, அவன் பெரிதும் தேறினான். நோயின் வேரை நுரையீரலில் தேடாமல் மனத்தின் துயரங்களில் தேடியது மார்ட்டனின் மேதை. ஆனால் அவர் வித்திட்டதை நீரூற்றி வளர்ப்பார் நெடுங்காலம் இல்லை.

அதற்கிடையில் அற்புதங்களை நம்பும் உலகமும் அளவையை நம்பும் உலகமும் ஒரு சிறுமியின் கட்டிலருகே மோதிக்கொண்டன. வேல்ஸ் நாட்டின் கார்மார்த்தன் பகுதியில், ஓர் எளிய குடியானவரின் மகளாகிய சாரா ஜேக்கப், 1867ஆம் ஆண்டு அக்டோபர் முதல் அணுவளவும் உண்ணவில்லையென்று பெற்றோர் சொன்னார்கள். அவ்வூர்ப் பாதிரியார் இதனைப் பத்திரிகைக்கு எழுத, ரயிலில் வந்திறங்கிய கூட்டம் அவள் படுக்கையைச் சூழ்ந்தது. மலரும் நாடாவும் சூட்டிக் கிடந்த சிறுமியின் அருகே காணிக்கைக் காசுகள் விழுந்தன. இது ஹிஸ்டீரியா என்னும் இசிவு நோயும் ஏமாற்றும் கலந்ததென்று வைத்தியர் ஒருவர் எழுதியபின், உண்மையைச் சோதிக்க இலண்டன் கைஸ் மருத்துவமனையிலிருந்து 4 தாதியர் வரவழைக்கப்பட்டனர். 1869 டிசம்பர் 9 முதல் அவர்கள் கண்ணிமைக்காமல் காவலிருந்தார்கள். அவள் கேட்டாலன்றி உணவு கொடுக்கலாகாதென்பது அவர்களுக்கு இடப்பட்ட கட்டளை, அவளோ கேட்கவில்லை, டிசம்பர் 17ஆம் நாள், 12 வயதில், அவர்கள் கண்முன்னேயே இறந்தாள். அதுவரை அவளுக்கு ஏதோ ஒரு வழியில் மறைவாக ஆகாரம் கிடைத்து வந்ததென்பதும், காவல் அதனை அடைத்துவிட்டதென்பதும் அந்த மரணத்தால் நிரூபணமாயின. தந்தைக்கு ஓராண்டும் தாய்க்கு ஆறு மாதமும் சிறைத் தண்டனை விதித்த நீதிமன்றம், பரீட்சைக்கு ஏற்பாடு செய்தவர்களைக் குற்றவாளிக் கூண்டில் நிறுத்தவில்லை. இந்நிகழ்ச்சியைப் படிக்கும்போது எனக்கு மிகவும் உறுத்துவது ஏமாற்றன்று. அத்தனை பேர் கூடியிருந்தும், அவள் உண்ணாதிருக்கிறாளா என்று ஆராய்ந்தார்களேயன்றி, ஏன் உண்ண மறுக்கிறாள் என்று அவளையே கேட்க ஒருவருக்கும் தோன்றவில்லை என்பதே.

அதே கைஸ் மருத்துவமனையில் பல்லாண்டு பணியாற்றியவர் சர் வில்லியம் கல். வேல்ஸ் இளவரசருக்கு நேர்ந்த டைபாய்டு காய்ச்சலைக் கவனித்துத் தீர்த்ததற்காக 1872இல் பாரனெட் பட்டம் பெற்ற இவர், 1868ஆம் ஆண்டு ஆக்ஸ்போர்டில் நிகழ்த்திய சொற்பொழிவிலேயே, இளம்பெண்களிடம் காணும் ஒருவகை மெலிவைப் பற்றி ஓரிரு வாக்கியம் சொல்லியிருந்தார். 1873 அக்டோபரில் இலண்டன் கிளினிக்கல் சங்கத்தில் படித்து மறு ஆண்டு அச்சேறிய கட்டுரையிலேதான் அனோரெக்சியா நெர்வோசா என்ற பெயர் நிலைபெற்றது. இசிவு நோய் என்ற சொல் பெண்களுக்கே உரியதாகக் கருதப்பட்டதால், ஆண்களுக்கும் இது வருமென்று கண்ட அவர், நரம்பு சம்பந்தமானது என்ற பொதுப்பெயரையே விரும்பினார். நோயாளியர் மெலிந்த நிலையிலும் தேறிய நிலையிலும் எடுத்த புகைப்படங்களிலிருந்து செதுக்கிய மரச்சித்திரங்கள் அக்கட்டுரையில் அருகருகே அச்சாகியுள்ளன. அவர் சிகிச்சையிலே மருந்துக்குச் சிறிதே இடம். குறித்த வேளைதோறும் தவறாமல் ஊட்டுவதும், உடலைக் கதகதப்பாக வைப்பதும், நோயாளியை அவள்மீது அதிகாரமுள்ள அந்நியர் பொறுப்பில் விடுவதுமே அவர் விதித்தவை. உற்றார் உறவினர் இப்பணிக்குச் சற்றும் ஏற்றவரல்லர் என்பது அவர் தீர்ப்பு.

அதே 1873ஆம் ஆண்டு ஏப்ரலில், பாரிஸில் சார்ல் லாசேக் எட்டு நோயாளிகளை ஆதாரமாகக் கொண்டு எழுதிய கட்டுரை வேறொரு சுவையுடையது. சர் வில்லியம் நாடியையும் மூச்சையும் எண்ணியிருந்த இடத்தில், லாசேக் சாப்பாட்டு மேஜையைச் சுற்றி நடக்கும் குடும்ப நாடகத்தை வருணித்தார். பதினைந்துக்கும் இருபதுக்கும் இடைப்பட்ட பெண்; கலியாணப் பேச்சையோ வேறொரு ஏமாற்றத்தையோ ஒட்டி எழுந்து, அவள் ஒப்புக்கொள்ளவோ மறைக்கவோ செய்யும் ஒரு மனக்கலக்கம்; உண்டபின் வயிற்றில் ஏதோ சங்கடம் என்ற முறையீடு; பிறகு இன்று ஒரு பண்டம், நாளை மற்றொன்று என்று மெல்லமெல்ல விலக்குதல். வீட்டார் முதலில் கெஞ்சுவார்கள், விதவிதமாகச் சமைத்து வைப்பார்கள், பின்பு மிரட்டுவார்கள். இரண்டும் பலிக்காமல் வீட்டில் அவளைப் பற்றியதன்றி வேறு பேச்சே இல்லாதுபோக, அவள் மட்டும் தனக்கு ஒரு குறையுமில்லையென்று அமைதியாக இருப்பாள். நோயையும் நோயாளியைச் சூழ்ந்த மனிதரையும் சேர்த்தே நோக்கவேண்டும் என்ற இந்த அறிவு, நூறாண்டு கழித்துக் குடும்பச் சிகிச்சை பயிலத் தொடங்கியவர்களுக்கு முன்னோடியானது. ஆயினும் லாசேக்கும் கேட்டது வயிற்றைப் பற்றித்தான்.

விக்டோரியா காலத்து நடுத்தர வீடுகளில் பசியென்பது பெண்ணுக்கு அடாத, கீழான இச்சையாக எண்ணப்பட்டதென்றும், கொறிப்பதே நாகரிகமாயிற்றென்றும், வைத்தியர்கள் பெற்றோரிடம் விசாரித்த அளவு பெண்களிடம் விசாரிக்கவில்லையென்றும், இவ்வரலாற்றை நுணுகி எழுதிய ஜோன் ஜேகப்ஸ் பிரம்பர்க் அம்மையார் 1988இல் காட்டினார். இதற்கு விதிவிலக்காக ஒரு செய்தி உண்டு. பாரிஸ் சால்பெத்ரியர் மருத்துவமனையின் புகழ்பெற்ற ஷார்க்கோ, ஒரு பெண் தன் இடையில் வெறுமேனியின்மேல் ரோஜா நிற நாடாவொன்றை இறுகக் கட்டியிருக்கக் கண்டார்; இடை அதனைத் தாண்டிப் பெருக்கலாகாது என்பது அவள் வைத்துக்கொண்ட வரம்பு, தாயைப்போல் பருப்பதினும் பட்டினியால் மாள்வதே மேல் என்பது அவள் எண்ணம். அவருடைய மாணாக்கரான பியேர் ழானே இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இதனை எடுத்துரைத்தார். பருமனச்சம் வைத்திய நூல்களில் தலைகாட்டுவது ஏறக்குறைய இவ்வேளையிலேதான்.

இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் ஆராய்ச்சி வழிதவறியது. ஹாம்பர்க்கின் மோரிஸ் சிம்மண்ட்ஸ் 1914இல் பிட்யூட்டரி சுரப்பி கெட்டு உடல் மெலிவதை விவரிக்க, மெலிந்தவர் எல்லோருக்கும் சுரப்பிக் கோளாறே காரணம் என்று கொண்டு, சுரப்பிச் சாறுகளைக் கொடுத்துப் பார்த்தவர்கள் ஏராளம். இரு நோய்களையும் மீண்டும் பிரித்தறிய ஏறத்தாழ கால் நூற்றாண்டு ஆயிற்று.

வைத்தியர்கள் சுரப்பியைத் தேடிக்கொண்டிருந்த அதே வருஷங்களில், வெளியுலகில் உடல் ஓர் எண்ணாக மாறிக்கொண்டிருந்தது. 1918இல் அமெரிக்காவில் லூலூ ஹண்ட் பீட்டர்ஸ் என்ற பெண் வைத்தியர் எழுதிய நூல், ரொட்டித் துண்டைக் கலோரிக் கணக்கில் பார்க்கச் சாமானியக் குடும்பப் பெண்களுக்குக் கற்றுக்கொடுத்து லட்சக்கணக்கில் விற்றது. 1940களின் தொடக்கத்தில் மெட்ரோபாலிடன் ஆயுள் இன்ஷூரன்ஸ் கம்பெனி, உயரத்துக்கேற்ற இலட்சிய எடையை அட்டவணையாக வெளியிட்டது. நம் ரயில் நிலையங்களில் காசு போட்டால் எடையையும் அதிருஷ்ட வாக்கியத்தையும் ஒரே அட்டையில் அச்சிட்டுத் தள்ளிய எந்திரங்களை வேடிக்கையாகப் பார்த்தவர்கள் நாம். அமெரிக்கப் பெண்ணுக்கு அந்த எந்திரம் குளியலறைக்குள் வந்து, நாடோறும் தீர்ப்புச் சொல்லும் நீதிபதியாகிவிட்டது. உபவாசத்துக்குத் தெய்வமும், இசிவுக்குக் குடும்பமும் கொடுத்திருந்த பொருளை இனி இந்த எண் கொடுக்கலாயிற்று.

பட்டினியே மனத்தை என்ன செய்யும் என்பதை உலகுக்கு உணர்த்தியது, இந்நோயோடு தொடர்பற்ற ஒரு பரீட்சை. இரண்டாம் உலக யுத்தத்தால் பஞ்சத்தில் வாடும் ஐரோப்பியரை எப்படி மீட்பது என்றறிய, மின்னசோட்டா பல்கலைக்கழகத்தில் ஆன்சல் கீஸ், படையிற் சேர மனச்சாட்சி இடந்தராத 36 இளைஞர்களை 1944 நவம்பரில் கூட்டிவைத்தார். அப்பல்கலைக்கழகக் கால்பந்து மைதானத்தின் அடித்தளத்தில் இருந்த சோதனைக்கூடத்தில், 24 வாரம் அரைவயிற்று உணவுண்டு, தம் உடல் எடையில் ஏறக்குறையக் கால் பங்கை இழந்தார்கள் அவர்கள். சரீரச் சோர்வு எதிர்பார்த்ததே. எதிர்பாராதது அவர்கள் சுபாவம் மாறியது. நல்லுடலும் தெளிந்த மனமும் உடையவர்களென்று பொறுக்கியெடுத்த அந்த ஆண்கள், சமையல் நூல்களைச் சேர்க்கலானார்கள். ஒரு வேளைச் சிற்றுணவை மணிக்கணக்கில் அளைந்து உண்டார்கள். நகைச்சுவை அற்று, நண்பரை வெறுத்து, தனித்து ஒதுங்கினார்கள். கட்டுப்பாடு நீங்கியபோது சிலர் நிறுத்த முடியாமல் உண்டார்கள். உடல் தேறி வருகையில் வயிறு தளர்ந்து பெருக்கிறதென்று சிலர் கவலைப்படவும் தலைப்பட்டனர்! 1950இல் இரு பெருந்தொகுதிகளாக வெளிவந்த இவ்வாராய்ச்சியைப் படித்த பின்புதான், நோயாளிப் பெண்ணின் பிடிவாதமென்றும் கபடமென்றும் வைத்தியர்கள் பழித்துவந்தவற்றுள் பெரும்பகுதி பட்டினியின் விளைவேயன்றி அவளுடைய குணதோஷமன்று என்று விளங்கிற்று. உடலைத் தேற்றாமல் மனத்துக்குப் புத்தி சொல்வது வீண் என்ற சிகிச்சை முறைக்கு இதனினும் உறுதியான அடித்தளம் வேறில்லை.

உடலைப் பற்றி மனத்தில் பதிந்த பிம்பம் என்ற கருத்தை வியன்னாவின் பால் ஷில்டர் 1935இலேயே நூலாக்கியிருந்தார். அதனை இந்நோயின் நடுவில் நிறுத்தியவர் ஹில்டே ப்ரூக் அம்மையார். 1904இல் ஜெர்மனியில் யூதக் குடும்பத்தில் பிறந்து, ஹிட்லர் ஆட்சிக்கு வந்த 1933இல் தாயகத்தை விட்டு, அமெரிக்காவில் பருத்த குழந்தைகளை ஆராயத் தொடங்கிய இவ்வம்மையார், 1962இல் எழுதிய கட்டுரையில், மெலிந்தவள் தன்னை மெலிந்தவளாகக் காணாமை, தன் பசியையே அறிய மாட்டாமை, தன் வாழ்வில் எதுவும் தன்வசமில்லை என்ற ஆழ்ந்த இயலாமையுணர்வு ஆகிய மூன்றையும் நோயின் இலட்சணமாக வகுத்தார். மூன்றனுள் கடைசியையே அவர் முதன்மையாகக் கருதினார் என்பதை, அவரை மேற்கோள் காட்டுவோர் அடிக்கடி மறந்துவிடுகிறார்கள். பொன்னாலான கூண்டு என்று பொருள்படும் தலைப்பில் 1978இல் அவர் எழுதிய நூலிலே, முதன்முறையாக நோயாளிகளின் குரல் பக்கம் பக்கமாகக் கேட்கிறது. வேல்ஸ் சிறுமியிடம் கேட்கப்படாத கேள்வியை ஒருவர் உட்கார்ந்து பொறுமையாகக் கேட்க ஒரு நூற்றாண்டுக்கு மேல் வேண்டியிருந்தது.

1979இல் இலண்டனில் ஜெரால்ட் ரஸ்ஸல், தாம் ஆராய்ந்த 30 நோயாளிகளைக் கொண்டு, அடங்காமல் உண்டு பின் அதனை வெளியேற்றும் புலிமியா நெர்வோசாவைத் தனி நோயாக வரையறுத்தார். பார்வைக்கு நல்ல உடலோடு உள்ளே நலிபவர்கள் அதனால் கணக்கில் வந்தார்கள். 1983 பிப்ரவரியில் அமெரிக்கப் பாடகி கேரன் கார்ப்பென்டர் 32 வயதில் மறைந்தபோது, வைத்தியர் மட்டுமே அறிந்த பெயர் வீடுதோறும் அறிந்த பெயராயிற்று.

இந்நிலையில், பருமனச்சமே நோயின் சாரம் என்ற கொள்கைக்குச் சாட்சியும் மறுப்பும் கிழக்கிலிருந்து வந்தன. பெருத்த உடலையே வளத்தின் அடையாளமாக மதித்த பிஜித் தீவின் நட்ரோகா பகுதிக்கு 1995இல் தொலைக்காட்சி வந்தது. ஆன் பெக்கர் அம்மையார் அப்போதும் மூன்றாண்டு கழித்தும் பள்ளிச் சிறுமியரை ஆராய்ந்தபோது, உணவுக் கோளாற்றைக் காட்டும் வினாத்தாளில் உயர்ந்த மதிப்பெண் பெற்றவர் 12.7 விழுக்காட்டிலிருந்து 29.2 விழுக்காடாகப் பெருகியிருந்தனர். படத்தில் வரும் பெண்களைப்போல் மெலிந்தால்தான் உத்தியோகமும் உயர்வும் கிட்டும் என்று அச்சிறுமியரே கூறினர். ஆனால் ஹாங்காங்கில் சிங் லீ 1993இல் வெளியிட்ட ஆய்விலே, 70 சீன நோயாளிகளில் 41 பேரிடம் பருமனச்சம் காணப்படவில்லை. வயிறு உப்புகிறது, பசியில்லை என்பனவே அவர்கள் சொன்ன காரணங்கள். லாசேக்கின் பாரிஸ் பெண்கள் சொன்னதும் இதுவே அன்றோ!

நம் நாட்டு அனுபவமும் இதற்கு வேறானதன்று. 1995இல் டில்லி மருத்துவர்கள் எழுதிய ஐந்து நோயாளிகளின் வரலாற்றிலும், பருமனச்சமோ உடற்பிம்பக் கோளாறோ அழுத்தமாகக் காணப்படவில்லை. வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் குழந்தைகளையும் வளரிளம் பருவத்தினரையும் பற்றி 2007இல் வெளியான ஆய்வில், உணவுக் கோளாறுகளுள் பெரும்பாலானவை மனக்காரணத்தால் வரும் வாந்தியே, அனோரெக்சியா சிறுபான்மை. மேனாட்டு வினாத்தாளை வட இந்திய மாணவியரிடம் கொடுத்துப் பார்த்த மைக்கேல் கிங்கும் தினேஷ் புக்ராவும், உணவில் கட்டுப்பாடு காட்டுகிறாயா என்பது போன்ற கேள்விகளுக்கு, விரதமும் அடக்கமும் நற்குணமென்று கற்ற பெண்கள் பெருமிதத்தோடு ஆம் என்று விடையளிப்பதை 1989இலேயே எடுத்துக்காட்டினர்.

அமெரிக்க மனநோய் வைத்தியர் சங்கத்தின் வகைப்பாட்டு நூல் 2013இல் ஐந்தாம் பதிப்பாகத் திருத்தி வெளியிடப்பட்டபோது, மாதவிடாய் நிற்கவேண்டும் என்ற விதி நீக்கப்பட்டது. பருமனச்சத்தை நோயாளி வாயாற் சொல்லாவிடினும், எடை கூடுவதைத் தடுக்கும் நடத்தை தொடர்ந்து இருந்தாலே போதும் என்ற மாற்று விதி சேர்ந்தது. உடற்பிம்பக் கவலை சிறிதுமின்றி உணவை விலக்குவோருக்கென்று தனியே ஒரு நோய்ப்பெயரும் வகுக்கப்பட்டது. ஹாங்காங்கின் அந்த 41 பேரையும், டில்லியின் ஐவரையும், ஏன், 1873இன் பாரிஸ் பெண்களையுங்கூட, இவ்விரண்டு பெயர்களுள் எதன்கீழ் வைப்பது என்பதில் ஆய்வாளர்கள் இன்னும் ஒருமனப்படவில்லை.