பாலேற்றிய புகைவண்டி

கலீபா உமர் (ரலி) அவர்கள் மதீனாவில் இரவு உலா வந்தபோது, பாலில் தண்ணீர் கலக்கச் சொன்ன தாயையும், "உமர் பாராவிடினும் இறைவன் பார்க்கிறானே" என்று மறுத்த மகளையும் செவியுற்ற செய்தியை அறியாதார் நம்மில் இலர். அம்மகளைத் தம் மைந்தர் ஆஸிமுக்கு மணமுடித்தார்கள் என்பது வரலாறு. கறப்பவரும் குடிப்பவரும் ஒரே தெருவில் வாழ்ந்த காலம் அது. கறப்பவர் நூறு மைலுக்கு அப்பால் இருப்பின் பாலின் வாய்மைக்குப் பொறுப்பாளி யார்? பத்தொன்பதாம் நூற்றாண்டு லண்டனில் எழுந்த இக்கேள்விக்கு விடை தேடியவர்களுள் பார்ஹம் குடும்பத்தாரும் இருந்தனர்.

அந்நாளில் லண்டன் மக்கள் அருந்திய பாலில் பெரும்பங்கு நகரத்துக்குள்ளேயே கறந்ததாகும். சந்துகளிலும் நிலவறைகளிலும் கட்டப்பட்ட பசுக்கள், சாராய ஆலைகளின் கழிவுத் தானியத்தை உண்டு பால் சொரிந்தன. தெருவிலிருந்த தண்ணீர்க் குழாயை 'இரும்பு வால் பசு' என்று மக்கள் கேலி பேசினர். அந்தப் பசு கறந்தது எவ்வளவு என்பதைப் பால்காரரே அறிவார்!

பால் வணிகர் ஒருவரின் மகனான ஜார்ஜ் பார்ஹம், 1864இல் நாட்டுப்புறப் பாலைப் புகைவண்டியில் தருவிக்க ஒரு நிறுவனம் தொடங்கினார். விரைவு வண்டியை நம்பிய தொழிலாதலின் 'எக்ஸ்பிரஸ்' என்றே பெயரிட்டார். மறு ஆண்டில் கோமாரியினும் கொடிய மாட்டுக்கொள்ளை நோய் லண்டன் தொழுவங்களைச் சூறையாடியது. ஆயிரக்கணக்கில் பசுக்கள் மடிந்தன. எளிய மாட்டுக்காரர் பலர் பிழைப்பிழந்த அந்த வேளையில்தான் பார்ஹமின் வணிகம் வேரூன்றியது. ஒருவர் அழிவு மற்றவர் ஆக்கமான இக்கணக்கை அவர் புகழ் பாடுவோர் விரைந்து கடந்துவிடுகின்றனர். (அந்நோய் உலகிலிருந்தே ஒழிந்ததாக 2011இல்தான் அறிவிக்கப்பட்டது.)

பாலை வண்டியில் ஏற்றுவது எளிது. திரியாமல் இறக்குவதே அரிது. கறந்த சூட்டுடன் அடைத்த பால் வழியிலேயே புளித்தது. ஆகவே, உள்ளே குளிர்நீர் ஓடும் மடிப்புத் தகட்டின்மேல் பாலை மெல்ல வழியவிட்டு ஆற்றியபின் அடைக்கும் வழக்கம் பரவியது. பதினேழு காலன், அதாவது ஏறத்தாழ 77 லிட்டர் கொள்ளும் கூம்பு வடிவப் பெரும் கலங்கள் நிலையம்தோறும் காத்து நின்றன. குளிர்விப்பது கெடாமல் காத்ததே தவிர, கலப்படத்தைத் தடுக்கவில்லை. உழவர், வண்டிக்காரர், நிலையப் பணியாளர், தெரு விற்பனையாளர் எனக் கைகள் பெருகின. எந்தக் கை நீர் ஊற்றியதென யார் சொல்வது? 1875இல் வந்த உணவு, மருந்து விற்பனைச் சட்டம் சோதனையாளரைத் துணைக்கழைத்தது. மதீனாவில் ஒரு பெண்ணின் நெஞ்சு செய்த வேலையை இங்கே ஆய்வுக்கூடம் ஏற்றது.

ஜார்ஜுக்கு 1904இல் 'சர்' பட்டம் கிடைத்தது, 1913இல் மறைந்தார். மைந்தர் டைட்டஸ் எக்ஸ்பிரஸை நடத்த, தம்பி ஆர்தர் பால் கருவிகள் விற்கும் நிறுவனத்தைப் பார்த்துவந்தார். தம்பியின் நிறுவனம் 1915இல் 'யுனைடெட் டெய்ரீஸ்' கூட்டமைப்பில் கலந்தது. அதுவே அண்ணன் நிறுவனத்துக்குப் பெரும் போட்டியாயிற்று. ஒரு தந்தையின் உழைப்பு இரு முகாமாய் நின்றது. டைட்டஸ் தம் மாளிகையையும் தோட்டத்தையும் வெம்பிளி மக்களுக்கு விட்டு, நகரத் தலைவர் பதவியை ஏற்கவிருந்த வேளையில் 1937இல் காலமானார்.

1920களின் இறுதியில் கலங்களுக்கு மாற்றாகக் கண்ணாடிப் பூச்சிட்ட தொட்டி வண்டிகள் தண்டவாளத்தில் ஓடின. பின்னர் லாரிகள் அவ்விடத்தைப் பிடித்தன. 1969இல் எக்ஸ்பிரஸ் நிறுவனம் விடுதித் தொழில் செய்த ஒரு பெருங்குழுமத்தின் கைக்குப் போயிற்று. 1980களின் தொடக்கத்தில் பால் வண்டிகளும் நின்றன. பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தருகே 1888இல் எழுந்த பார்ஹம் குடும்பத்தின் கருவிக் கடையில் பிற்காலத்தில் உணவகம் அமைந்தது. முகப்பிலிருந்த பழைய பெயரை மட்டும் அழிக்காமல் விட்டனர்.