பஞ்சமி நிலமும் கைப்பேசி வரைபடமும்

காரின் மேல் லேசர் கருவி, கேமராக்கள், செயற்கைக்கோள் இருப்பிடமானி ஆகியவற்றைப் பொருத்திச் சாலையோரக் கட்டடம், மின்கம்பம், வடிகால் அனைத்தையும் பதிவுசெய்வதே 'மொபைல் மேப்பிங்'. 15.02.2021 அன்று ஒன்றிய அரசு வெளியிட்ட புவியிடத் தரவு வழிகாட்டுதல்கள் வரைபடப் பணிக்கான முன் அனுமதியை நீக்கின. இவ்வகை வாகன அளவையை இந்திய நிறுவனங்களுக்கே ஒதுக்கின. கார் நுழையாத தெரு இப்படங்களில் இராது. அவை எவர் வாழும் தெருக்கள் என்பதை நம் வாசகருக்கு விளக்க வேண்டியதில்லை.

நம் கையில் இருப்பது கைப்பேசி. பஞ்சமி நில மீட்பில் அது எதற்குப் பயன்படும்?

செங்கல்பட்டு ஆட்சியர் திரமென்ஹீரின் 1891ஆம் ஆண்டு அறிக்கையைத் தொடர்ந்து, 30.09.1892 அரசாணையின்படி இந்நிலங்கள் வழங்கப்பட்டன. 10 ஆண்டுகள் விற்கக் கூடாது. அதன் பின்னும் ஒடுக்கப்பட்ட வகுப்பினருக்கே விற்கலாம் என்பது நிபந்தனை. 1980களின் யு.டி.ஆர். பதிவு மாற்றத்தில் புல எண்கள் மாறின. பல ஊர்களில் 'டி.சி. நிலம்' என்ற குறிப்பும் காணாமற்போயிற்று. ஆகவே இன்றைய இணையப் பட்டாவை மட்டும் பார்ப்பவர் ஏமாறுவார்.

மணப்பாறை வட்டத்து ஊர் ஒன்றை எடுத்துக்கொள்வோம். முதலில் வட்டாட்சியர் அலுவலகத்தில் தகவல் உரிமைச் சட்டத்தின்கீழ் யு.டி.ஆருக்கு முந்தைய 'அ' பதிவேட்டின் நகலையும், பழைய எண்ணுக்கு நேரான புதிய எண்ணையும் கேட்டுப் பெறவேண்டும். புலப்படத்தையும் வாங்கிய பிறகே கைப்பேசியோடு நிலத்தில் நடப்பது பயன்தரும். வேலி, ஆழ்குழாய்க் கிணறு, மனைப்பிரிவுக் கல் என இன்று அங்கே இருப்பவற்றை இருப்பிடக் குறிப்புடன் படமெடுக்கலாம்.

திறந்தவெளியிலும் கைப்பேசி ஏறத்தாழ 5 மீட்டர் பிழை காட்டும். சதுரமான ஓர் ஏக்கரின் பக்கம் சுமார் 64 மீட்டர். அங்கே அப்பிழை பொறுக்கத்தக்கது. 3 சென்ட் வீட்டுமனையின் பக்கமோ 11 மீட்டர்தான். பாதி மனை பிழைக்குள் போய்விடும். எல்லையை அளந்து கல் நடுவது 1923ஆம் ஆண்டு அளவை, எல்லைச் சட்டப்படி அரசு நில அளவரின் பணி. அவர் எங்கே வரவேண்டும் என்பதை நம் புள்ளிகள் சொல்லும், அவ்வளவே.

படங்களை வாட்ஸ்அப்பில் சாதாரணப் படமாக அனுப்பினால் இருப்பிடத் தகவல் நீங்கிவிடும். மூலக் கோப்பை அழிக்காமல் வைத்திருங்கள். நீதிமன்றத்தில் அளிக்கையில் பாரதிய சாட்சிய அதிநியமத்தின் 63ஆம் பிரிவுச் சான்றிதழ் தேவை. மனுவில் முதல் இணைப்பு பழைய பதிவேட்டின் நகலாகவும், ஆயத்தொலைவுகள் அதற்குப் பின்னாகவும் இருக்கட்டும்.