விளையாட்டு நிலை (தொலைக்காட்சி)

விளையாட்டு நிலை அல்லது கேம் மோடு என்பது நிகழ்பட ஆட்டக் கருவிகளை இணைத்து ஆடுவதற்கென இன்றைய தொலைக்காட்சிப் பெட்டிகளில் உள்ள ஒரு பட அமைப்பு ஆகும். பொத்தானை அழுத்துவதற்கும் அதன் விளைவு திரையில் தோன்றுவதற்கும் இடைப்பட்ட காலத்தாழ்வைக் குறைப்பதே இதன் நோக்கம். படத்தை அழகாக்குவது அன்று.

பழைய படக்குழாய்ப் பெட்டிகள் குறிகையை வந்தவாறே திரையில் வரைந்தமையால் அவற்றில் இச்சிக்கல் பெரிதாக எழவில்லை. தட்டைத்திரைப் பெட்டிகளோ படச்சட்டங்களை நினைவகத்தில் தேக்கி, இரைச்சல் நீக்கம், இடைச்சட்டம் சேர்த்தல் முதலியவற்றைச் செய்த பின்னரே காட்டுகின்றன. இரு சட்டங்களுக்கு இடையே புதிய சட்டம் ஒன்றை உருவாக்க, அடுத்த சட்டம் வந்துசேரும் வரை பெட்டி காத்திருந்தே ஆகவேண்டும். நொடிக்கு 60 சட்டங்கள் ஓடும் ஆட்டத்தில் ஒரு சட்டத்தின் காலம் ஏறத்தாழ 16.7 மில்லிநொடி, ஆறு சட்டங்கள் தேங்கினால் தாழ்வு 100 மில்லிநொடியை எட்டும். ஒலியும் உடன் தாமதிக்கப்படுவதால் திரைப்படம் பார்ப்பவர் இதனை உணரார். சண்டை ஆட்டம் ஆடுபவருக்கோ அதுவே தோல்விக்குக் காரணமாகலாம். தாளத்திற்கேற்ப அழுத்தவேண்டிய கிட்டார் ஹீரோ வரிசை ஆட்டங்களில் இத்தாழ்வை அளந்து ஈடுசெய்யும் வசதி தரப்பட்டது.

விளையாட்டு நிலை மேற்கூறிய செயல்முறைகளுட் பலவற்றை நிறுத்திவிடுகிறது. படம் சற்றுக் கரடாகத் தெரியலாம், அது பழுதன்று. ஒளிர்வு, நிறச்செறிவு ஆகியவற்றை இந்நிலையிலேயே தனியாகச் சரிசெய்துகொள்ளலாம். ஓரங்களில் உள்ள மதிப்பெண்கள் மறைந்தால் மிகைவருடல் வசதியை அணைத்தல் வேண்டும்.

2017 இல் வெளியான எச்டிஎம்ஐ 2.1 தரம், ஆட்டக் கருவியே பெட்டியை இந்நிலைக்கு மாற்றும் வசதியை வரையறுத்தது. அவ்வசதி இல்லாத பெட்டிகளில் பயனரே பட அமைப்புப் பட்டியலில் இதனைத் தெரிவுசெய்ய வேண்டும்.