உண்ணல் கோளாறு உடையோருக்கு அறுவைக்கு முந்தைய உளத் தயாரிப்பு

உண்ணல் கோளாறு உடைய ஒருவரை அறுவைச் சிகிச்சைக்கு மனத்தளவில் ஆயத்தப்படுத்துவது செவிலியர் பணியின் ஒரு பகுதியாகும். இந்நோயாளிகள் பலர் தம் பழக்கத்தை வீட்டாரிடமும் மருத்துவரிடமும் மறைப்பதால், வழக்கமான அறுவைக்கு முந்தைய அறிவுரை இவர்களுக்குப் போதுவதில்லை.

அறுவை தேவைப்படும் நிலை

பல்பம், மண், சாம்பல் போன்றவற்றைத் தின்னும் பழக்கம் தமிழ்நாட்டில் பரவலாக அறியப்பட்டதே. உணவல்லாதவற்றைத் தொடர்ந்து உண்பது பைக்கா எனப்படும். தலைமுடியைப் பிடுங்கி விழுங்குவோரின் இரைப்பையில் செரிக்காத முடி உருண்டையாகத் திரளும். அதன் வால் சிறுகுடல்வரை நீள்வது ரபன்சல் நோய்க்கூட்டறிகுறி எனப்படுகிறது. இது 1968 இல் விவரிக்கப்பட்டது. பெரிய உருண்டைகளைப் பெரும்பாலும் வயிற்றைத் திறந்தே அகற்ற வேண்டியுள்ளது. 2020 சனவரியில் கோயம்புத்தூர்த் தனியார் மருத்துவமனையொன்றில் 13 வயதுச் சிறுமியின் வயிற்றிலிருந்து ஏறத்தாழ அரைக் கிலோ முடியும் வெற்று ஷாம்பு உறைகளும் அகற்றப்பட்டன. நெருங்கிய உறவினர் ஒருவரின் இறப்புக்குப் பின் அவள் மனம் பாதிக்கப்பட்டிருந்ததாகச் செய்திகள் தெரிவித்தன.

செவிலியரின் பங்கு

தாய் அருகிலிருக்கையில் சிறுமி உண்மையைக் கூறுவது அரிது. எனவே நோயாளிகள் "சிஸ்டர்" என்றழைக்கும் செவிலியர் அவளுடன் தனியே பேச வாய்ப்பு ஏற்படுத்திக்கொள்வது நன்று. "ஏன் தின்றாய்?" என்பது குற்றம் சாட்டுவதாகும், "எப்போது தொடங்கியது?" என்பதற்கு விடை கிடைக்கக்கூடும்.

இவ்விடை உயிர் காக்கவும் கூடும். உண்டபின் வலிந்து வாந்தி எடுப்பவரின் குருதியில் பொட்டாசியம் குறைந்து, மயக்க மருந்தின்போது இதயத் துடிப்பு சீர்குலையலாம். நெடுநாள் பட்டினி கிடந்தவருக்கு விரைந்து உணவூட்டினால் பாசுபேட்டு அளவு திடீரெனத் தாழும். இரண்டாம் உலகப் போரில் விடுவிக்கப்பட்ட கைதிகளிடம் இவ்வாபத்து காணப்பட்டது.

பசியற்ற உளநோய் உடையவர் பட்டினியையே வெற்றியாகக் கருதுவார். அறுவைக்கு முன் குறைந்தது 6 மணிநேரம் திட உணவு நிறுத்தப்படுவது, இரைப்பையில் உள்ளவை நுரையீரலுக்குள் புகாதிருக்கவே என்று அவருக்கு விளக்க வேண்டும். மீண்டும் உண்ணத் தொடங்கும் நேரத்தையும் அப்போதே கூறிவிட வேண்டும். மருந்தளவுக்காக எடை பார்க்கும்போது, எண் தெரியாதவாறு அவரைத் திரும்பி நிற்கச் செய்யலாம்.

கல்வி

கடலூர் மாவட்டத்தில் சிதம்பரத்தை அடுத்த அண்ணாமலைநகரில் உள்ள, முன்னர் ராணி மெய்யம்மை செவிலியர் கல்லூரி எனப்பட்ட கல்லூரி, இப்பகுதியின் செவிலியர் கல்வி நிறுவனங்களுள் ஒன்றாகும். இந்தியச் செவிலியர் பட்டப்படிப்பில் உளநலச் செவிலியமும் மருத்துவ-அறுவைச் செவிலியமும் தனித்தனிப் பாடங்கள். இப்பொருள் இரண்டுக்கும் இடையில் விழுகிறது.

அறுவைக்குப் பின்

முடியுருண்டையை அகற்றியதால் பழக்கம் அகல்வதில்லை. மீண்டும் உருண்டை திரண்ட நோயாளிகளும் உளர். ஆகையால் மனநல மருத்துவரை அறுவைக்கு முன்பே நோயாளிக்கு அறிமுகப்படுத்துவது விரும்பத்தக்கது. தையல் பிரித்து வீடு திரும்பிய குடும்பம் மனநலப் பிரிவுக்கென மறுபடி வருவது அரிது.