குடும்பத் தாயின் தன்னடக்கம்: புனித செலி மார்ட்டின்



தவக்காலம் தொடங்கும்போது நம் பங்குத் தாய்மார் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு: "சாமி, இந்த நாற்பது நாளும் நான் எதை விடணும்?" பிள்ளைச்சாவடி போன்ற நம் கடற்கரை ஊர்களில், படகு கரை சேரும் முன்பே எழுந்து, ஏலத்தில் மீன் எடுத்து, கூடை சுமந்து விற்றுவிட்டு வந்து உலை வைத்து, கணவருக்கும் பிள்ளைகளுக்கும் பரிமாறியபின் சட்டியில் மீந்ததை உண்ணும் ஒரு பெண் இதைக் கேட்டால், நமக்கு உடனே பதில் வருவதில்லை. இல்லறத்தைப் பற்றி எழுதும் குருவுக்குக் கொஞ்சம் கூச்சமும் உண்டு. ஆகவே ஒரு தாயையே சாட்சியாக அழைப்போம். அவர் சிறுமலர் புனித குழந்தை தெரேசாவின் அன்னை, புனித செலி மார்ட்டின்.

1831-ஆம் ஆண்டு பிரான்சு நாட்டில் பிறந்த செலி, அலன்சோன் நகரில் லேஸ் பின்னும் தொழிலை நடத்தினார். லூர்து நகரில் அன்னை காட்சி தந்த அதே 1858-ஆம் ஆண்டில், ஜூலை 13 அன்று, கடிகாரத் தொழில் செய்துவந்த லூயி மார்ட்டினை மணந்தார். ஒன்பது பிள்ளைகள் பிறந்தார்கள். அவர்களில் நால்வரைச் சிறு வயதிலேயே அடக்கம் செய்தார்கள். பெண்கள் தங்கள் வீடுகளில் பின்னி, வியாழக்கிழமைகளில் கொண்டுவரும் சிறு சிறு லேஸ் துண்டுகளைத் தையல் வெளியே தெரியாமல் ஒன்றாக இணைப்பது செலியின் வேலை. அதிகாலை 5.30 மணித் திருப்பலிக்குப் போய்வந்தால், பிறகு வீடு, பிள்ளைகள், கணக்கு, ஊசி என்று இரவு வரை ஓயாது. அவர் எழுதிய கடிதங்களில் இருநூறுக்கும் மேற்பட்டவை இன்றும் இருக்கின்றன. அவற்றில் அவர் தம்மைப் புனிதராகக் காட்டிக்கொள்ளவில்லை. வேலை குவியும் நாள்களில், இந்த லேஸ் என்னை அடிமையாக்கிவிட்டது என்ற பொருளில் அலுத்துக்கொள்கிறார். கணவர் 1870-இல் தம் கடையைக் கொடுத்துவிட்டு மனைவியின் தொழிலுக்குத் துணையாக வந்தார். இதைக் குடும்பத் தலைவர்கள் கவனத்தோடு வாசிக்க வேண்டும்.

செலியின் பெரிய கவலை மூன்றாவது மகள் லெயோனி. நோயில் வளர்ந்த குழந்தை. சொன்ன பேச்சைக் கேட்பதில்லை, பள்ளியிலும் நிலைக்கவில்லை. அன்பாகப் பேசியும் பார்த்தார், கண்டித்தும் பார்த்தார், ஒன்றும் பலிக்கவில்லை. 1877-ஆம் ஆண்டின் தொடக்கத்தில்தான் உண்மை வெளிவந்தது. வீட்டில் நெடுநாள் வேலை செய்த பணிப்பெண், தாய்க்குத் தெரியாமல் அந்தச் சிறுமியை மிரட்டித் தன் சொல்லுக்கு மட்டும் அடங்கும்படி வைத்திருந்தார். அதைக் கண்டுபிடித்தவர் மூத்த மகள் மரி. ஒரே வீட்டில் இருந்தும் தமக்குத் தெரியவில்லையே என்பது எந்தத் தாய்க்கும் தாங்க முடியாத செய்தி. செலி அந்தப் பணிப்பெண் லெயோனியோடு பேசக் கூடாது என்று தடுத்தார். மகளைத் தம் பக்கத்திலேயே வைத்துக்கொண்டு, பொறுமையாக, மெல்ல மெல்ல அவள் நம்பிக்கையைப் பெற்றார். அப்போது அவருக்கே மார்பகப் புற்றுநோய் முற்றியிருந்தது. இந்தப் பிள்ளைக்காகவாவது நான் உயிரோடு இருக்க வேண்டும் என்று ஏங்கினார்.

தன்னடக்கம் என்று நாம் சொல்வது இதைத்தான். புனித பவுல் கலாத்தியருக்கு எழுதிய திருமுகத்தின் 5-ஆம் அதிகாரத்தில் தூய ஆவியாரின் கனிகளைச் சொல்லும்போது, அன்பை முதலிலும் தன்னடக்கத்தைக் கடைசியிலும் வைக்கிறார். பிள்ளைமேல் ஓங்கிய கையை இறக்குவது, தான் நினைத்தது தவறு என்று தெரிந்ததும் போக்கை மாற்றிக்கொள்வது, மாமியார் சொன்ன ஒரு சொல்லை மூன்று நாள் மென்றுகொண்டிராமல் விட்டுவிடுவது ஆகிய எல்லாம் அதில் அடங்கும். மீன்பிடித் தடைக்காலமான ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான 61 நாள்களில் வருமானம் குறையும்போது, திருமணத்துக்கும் காதணி விழாவுக்கும் ஊர் மெச்ச மொய் எழுத மறுபடி வட்டிக்கு வாங்காமல் இருப்பதும் அதில் சேரும். சொல்லப்போனால், இது வெள்ளிக்கிழமை மீனை விடுவதைவிடக் கடினம்!

புனித பிரான்சிஸ் சலேசியார் 1609-இல் தம் பக்தி நூலை வெளியிட்டபோது, மணமான ஒரு பெண்ணுக்கு எழுதிய ஆலோசனைகளே அதற்கு அடிப்படையாக இருந்தன. துறவிக்கு உரிய பக்தி முறையை இல்லறத்தாரிடம் சுமத்தக் கூடாது என்பது அவர் கருத்து. செலியின் அக்கா அவர் நிறுவிய விசிட்டேஷன் சபையில் கன்னியராக இருந்தவர். தங்கைக்கு வழிகாட்டியும் அவரே.

ஆனால் உடலை வருத்துவதைப் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். செலி 1865-ஆம் ஆண்டிலேயே தம் மார்பில் கட்டி இருப்பதை, மருந்தியல் படித்துக்கொண்டிருந்த தம்பிக்கு எழுதினார். 1876-இன் இறுதியில் மருத்துவர் பார்த்தபோது அறுவை சிகிச்சைக்குக் காலம் கடந்துவிட்டது. அக்கால மருத்துவத்தால் முன்னரே என்ன செய்திருக்க முடியும் என்பது வேறு கேள்வி. நம் காலத்தில் ஜிப்மர் கைக்கெட்டும் தூரத்தில் இருக்க, வலியை முந்தானைக்குள் மறைத்துக்கொண்டு, "தவக்காலம் முடியட்டும், பிள்ளையின் தேர்வு முடியட்டும்" என்று தள்ளிப்போடும் தாய்மாரை நாம் பார்க்கிறோம். அது ஒறுத்தல் அன்று. திருச்சபைச் சட்டப்படி உண்ணா நோன்பு 18 வயது நிறைந்தவர்களுக்கு 59 வயது முடியும்வரைதான். அதுவும் திருநீற்றுப் புதனும் பெரிய வெள்ளியும் மட்டுமே. நோயாளிகளையும், கர்ப்பிணிகளையும், பாலூட்டும் தாய்மாரையும் அது கட்டுப்படுத்தாது. இரத்தச் சோகையோடு இருக்கும் பெண், தன் பங்குச் சோற்றையும் குழம்பையும் முழுதாகச் சாப்பிடுவதே சில வீடுகளில் கடினமான பயிற்சியாக இருக்கும்.

குடித்துவிட்டு அடிக்கும் கணவரைப் பொறுத்துப்போவதும் தன்னடக்கம் அன்று. உடலுக்கோ ஆன்மாவுக்கோ கடும் ஆபத்து இருந்தால் பிரிந்து வாழலாம் என்று திருச்சபைச் சட்டம் 1153 அனுமதிக்கிறது. திருத்தந்தை பிரான்சிஸ் 2016-இல் வெளியிட்ட 'அன்பின் மகிழ்வு' ஏட்டில் (எண் 241), வன்முறைக்கு உள்ளாகும் துணையையும் பிள்ளைகளையும் காக்கப் பிரிவது சில வேளைகளில் அறநெறிக் கடமையாகவே ஆகலாம் என்கிறார். "அனுசரிச்சுப் போம்மா" என்று சொல்லி அனுப்பிவிடும் பழக்கம் குருக்களாகிய நம்மிடமும் இருந்திருக்கிறது.

1877 ஜூனில் செலி மூன்று மகள்களோடு லூர்து திருப்பயணம் போனார். அதே ஆண்டில்தான் பிரான்சிலிருந்து வந்த லூர்து அன்னையின் திருவுருவம் நம் வில்லியனூரில் நிறுவப்பட்டது. செலி நான்கு முறை அந்த நீரில் மூழ்கியும் குணமாகவில்லை. வீடு திரும்பி, ஆகஸ்ட் 28-இல், 45 வயதில் இறந்தார். லெயோனிக்கு அப்போது 14 வயது. அவர் துறவு மடத்தில் சேர்வதும் வெளியேறுவதுமாகப் பல ஆண்டுகள் தடுமாறி, 1899-இல் கான் நகர விசிட்டேஷன் மடத்தில் நிலைத்து, 1941 வரை அங்கேயே வாழ்ந்தார். 2015 அக்டோபர் 18-இல் திருத்தந்தை பிரான்சிஸ் அவருடைய பெற்றோரைப் புனிதர்களாக உயர்த்தினார். அதே ஆண்டு ஜூலையில், அந்த அடங்காப் பிள்ளையைப் புனிதராக அறிவிப்பதற்கான நடவடிக்கையும் கான் நகரில் தொடங்கியிருந்தது.