அளப்பவரும் மூச்சு கொடுப்பவரும்

பிரிட்டனின் சுவாச மருத்துவ விஞ்ஞானியையும் அமெரிக்காவின் ரெஸ்பிரேட்டரி தெரபிஸ்டையும் ஒரே தொழில்காரர்கள் என்று எண்ணிவிடுவது எளிது. இருவர் வேலையும் நுரையீரலோடுதான். வந்த வழிதான் வேறு. 1846-இல் லண்டனில் ஜான் ஹட்சின்சன் மூச்சின் கொள்ளளவை அளக்கும் ஸ்பைரோமீட்டரை முன்வைத்ததிலிருந்து தொடரும் அளவை மரபு பிரிட்டிஷ்காரருடையது. அமெரிக்கரின் முன்னோடிகளோ, 1940களில் வார்டு வார்டாக ஆக்சிஜன் சிலிண்டர் தள்ளிய உதவியாளர்கள். இன்றும் அமெரிக்கருக்கு ஐ.சி.யூ. படுக்கையோரம், பிரிட்டிஷ்காரருக்கு ஆய்வறை.

படிப்பில் பிரிட்டிஷ்காரர் ஒரு படி மேல்: பட்டத்துக்குப் பிறகு 3 ஆண்டுப் பயிற்சி, கன்சல்டன்ட் நிலைக்கு மேலும் 5 ஆண்டு. அமெரிக்காவில் 2 ஆண்டுப் படிப்போடும் உள்ளே நுழையலாம். ஆனால் கை கட்டப்பட்டிருப்பது அதிகம் படித்தவருக்குத்தான்.

ஆஸ்துமா பரிசோதனையையே பாருங்கள். மூக்கில் கிளிப், "ஊதுங்க, ஊதுங்க, இன்னும் இன்னும்" என்று விரட்டல். பிறகு 400 மைக்ரோகிராம் சால்பியூட்டமால், 15 நிமிடம் காத்திருந்து மறுபடி ஊதல். வரைகோட்டைப் பார்த்ததுமே விஞ்ஞானிக்குப் பாதி விஷயம் புரிந்துவிடும். ஆனால் அந்த மருந்தை எழுத அவருக்கு உரிமையில்லை. இன்னொருவர் உத்தரவு வேண்டும். பிசியோதெரபிஸ்டுகளுக்கு அந்த உரிமை 2013-லேயே வந்துவிட்டது! இதே விஞ்ஞானி, தூக்க மூச்சுத்திணறல் கிளினிக்கில், காற்றழுத்தத்தால் மூச்சுப்பாதையைத் திறந்துவைக்கும் சிபேப் கருவியின் அழுத்தத்தைக் குறித்து நோயாளியை வீட்டுக்கு அனுப்புகிறார். கருவி மருந்தல்லவே, அதனால் தடையில்லை.

அமெரிக்க தெரபிஸ்ட், டாக்டர் ஒப்புதல் தந்த நெறிமுறைக்குள் நெபுலைசர் முறையை மாற்றுவார், வென்டிலேட்டரைப் படிப்படியாகக் குறைப்பார். நெறிமுறைக்கு வெளியே கால் வைக்க முடியாது. அந்த எல்லையைத் தாண்டத்தான் ஓஹையோ மாநிலப் பல்கலைக்கழகம் உயர்நிலை தெரபிஸ்டுகளுக்கு முதுகலைப் படிப்பு வைத்திருக்கிறது. ஆனால் உரிமம் அந்தந்த மாநிலத்தின் கையில். பட்டம் வாங்கினால் மட்டும் போதாது.

என் கணக்கில், பிரிட்டன் அமெரிக்காவைப் பார்த்துத் தன் விஞ்ஞானியை ஐ.சி.யூ.வுக்கு இழுக்க வேண்டியதில்லை. அங்கே நர்சும் பிசியோதெரபிஸ்டும் இருக்கிறார்கள். அளந்த இடத்திலேயே விஞ்ஞானியை முடிவெடுக்கவும் மருந்தெழுதவும் விட்டால், நோயாளிக்கு ஒரு நடை மிச்சம். சிக்கல் வேறு இடத்தில். மூத்தவர் கிளினிக்குக்குப் போனால் ஸ்பைரோமீட்டர் முன் உட்காரப்போவது இளைய பிசியாலஜிஸ்ட். மருத்துவ விஞ்ஞானிக்குச் சட்டப்படியான பதிவு கட்டாயம். அந்த இளையவர் பதிவு செய்துகொள்வதோ அவர் விருப்பம்.