சைகோன் சபரும் சவூதி சபரும்

கடல் கடந்து சம்பாதிக்கப் போவதற்கு நம் காரைக்காலில் ‘சபர்’ என்று பெயர். போகிறவர் சபராளி. அரபுச் சொல்தான், ஆனால் நம் ஊரில் எல்லார் வாயிலும் புழங்கிய சொல். என் பேரப்பிள்ளைகள் வயதில் உள்ளவர்கள் இன்றும் சவூதிக்குப் புறப்படுகிறார்கள். அங்கே போய் இறங்கினால் என்ன எதிர்பார்க்கலாம் என்று கேட்கிறார்கள். அதற்குப் பதில் சொல்லக் கொஞ்சம் பழங்கதை பேச வேண்டியிருக்கிறது.

என் பாட்டனார் தலைமுறைக்குச் சபர் என்றால் சைகோன். 1881ஆம் ஆண்டு ஆணைப்படி தங்கள் குல வழக்கச் சட்டத்தைத் துறந்து பிரெஞ்சு சிவில் சட்டத்தை ஏற்றவர்கள் அங்கே காவல் துறையிலும் அரசாங்க அலுவலகங்களிலும் வேலை பார்த்தார்கள். நம் ஊர் மரைக்காயர்கள் துணிக்கடை வைத்தார்கள். புதுச்சேரியிலும் பிரெஞ்சு ஆட்சி, சைகோனிலும் பிரெஞ்சு ஆட்சி. போனவனுக்கு முன்னாலேயே அவனுக்குத் தெரிந்த சட்டம் கப்பலேறிப் போய்விட்டது. ஏதாவது தகராறு என்றால் எந்த வாசலில் போய் நிற்பது என்று அவனுக்குத் தெரியும்.

சவூதி சபர் அப்படியல்ல. அங்கே எண்ணெய் கிடைத்தது 1938இல். 1973இல் எண்ணெய் விலை ஒரே மூச்சில் பல மடங்கு ஏறியது. சாலை, துறைமுகம், மருத்துவமனை எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் கட்ட ஆரம்பித்தார்கள். கொத்தனார், கம்பி கட்டுபவர், தச்சர், டிரைவர், சமையல்காரர் என்று ஆள் தேவைப்பட்டது. ஏறக்குறைய அதே காலத்தில், 1975இல், சைகோன் கதை அடியோடு முடிந்தது. ஒரு கதவு மூட, இன்னொரு கதவு திறந்தது.

அந்தக் காலத்தில் நான் அரசு அலுவலகத்தில் எழுத்தர். பிரெவே வரை பிரெஞ்சு வழியில் படித்தவன். பிரெஞ்சு படித்தவன் எந்தத் தாளையும் படித்துவிடுவான் என்று தெருவில் ஒரு நம்பிக்கை. மாலையானால் திண்ணைக்கு ஒப்பந்தத் தாளோடு யாராவது வந்துவிடுவார்கள். அரபி எனக்குத் தெரியாது. கூடவே இருக்கும் ஆங்கிலப் பகுதியைப் படித்துச் சொல்வேன். சம்பளம் எவ்வளவு என்று எல்லாரும் கேட்பார்கள். யாருடைய பெயரில் போகிறோம் என்று கேட்டவர்கள் மிகக் குறைவு.

அதுதான் முக்கியமான கேள்வி. 1952இல் வந்த குடியிருப்புச் சட்டம் முதலே, சவூதிக்கு வேலைக்குப் போகும் வெளிநாட்டான் ஒரு பொறுப்பாளியின் பெயரில்தான் தங்க முடியும். அவருக்குக் கஃபீல் என்று பெயர். நம்மவர்கள் ‘அரபி’ என்றே சொல்வார்கள். பாஸ்போர்ட் அவர் பெட்டியில் இருக்கும். தொழிலாளி கையில் இக்காமா இருக்கும். அது முன்பு சிறு புத்தகமாக இருந்தது: முஸ்லிமுக்குப் பச்சை அட்டை, மற்றவர்களுக்குப் பழுப்பு அட்டை. அப்போதெல்லாம் வேலை மாறவும் ஊர் திரும்பவும் அரபியின் கையெழுத்து வேண்டியிருந்தது.

எங்கள் தெருவில் ஒரு தாயார் காலமானபோது மூத்த மகன் ரியாத் பக்கம் இருந்தான். தந்தி போயிற்று. அரபி வெளியூர் போயிருந்தார், கையெழுத்துப் போட ஆளில்லை. கொள்ளியை இளையவன் வைத்தான். பதினாறாம் நாள் காரியத்துக்கும் மூத்தவன் வந்து சேரவில்லை. அரபி கெட்டவர் என்று அவன் எப்போதும் சொன்னதில்லை. சம்பளம் ஒரு மாதம்கூடத் தவறியதில்லை. மனிதர் நல்லவராக இருந்தாலும் ஏற்பாடு அப்படி இருந்தது.

அடுத்தது, அங்குள்ள கட்டுப்பாடுகள். பலர் இதை ‘முஸ்லிம் நாட்டு வழக்கம்’ என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடுகிறார்கள். அது சரியல்ல. நம் ஊர் முஸ்லிம்களே அங்கே போய்த் திகைத்தார்கள். மஸ்தான் சாகிபு தர்கா கந்தூரியைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு அங்கே தர்காவும் இல்லை, கந்தூரியும் இல்லை. 1744இல் சவூது குடும்பத் தலைவரும் முகம்மது இப்னு அப்துல் வஹாப் என்ற மார்க்க அறிஞரும் செய்துகொண்ட உடன்பாட்டின் வழியில் வந்த அரசு அது. கப்றுகளைச் சிறப்பிப்பதை அந்தக் கொள்கை ஏற்காது. 1979இல் மக்கா பெரிய பள்ளிவாசலை ஆயுதம் ஏந்திய ஒரு கூட்டம் பிடித்துக்கொண்ட பிறகு கட்டுப்பாடு இன்னும் இறுகியது. சினிமாக் கொட்டகைகள் மறைந்தன. தொழுகை நேரத்தில் கடை மூடாதவரை முத்தவ்வா எனப்பட்ட மார்க்கக் காவலர்கள் கேள்வி கேட்டார்கள்.

இறுகியதற்குத் தேதி இருப்பதுபோல் தளர்ந்ததற்கும் தேதி உண்டு. 2013இல் வார விடுமுறை வியாழன், வெள்ளியிலிருந்து வெள்ளி, சனிக்கு மாறியது. 2016இல் மார்க்கக் காவலரின் கைது செய்யும் அதிகாரம் போயிற்று. 2018இல் சினிமா திரும்பி வந்தது, பெண்கள் கார் ஓட்டினார்கள். 2019இல் சுற்றுலா விசா கொடுக்க ஆரம்பித்தார்கள். ஆகவே அப்பாவோ மாமாவோ சொன்ன சவூதியை அப்படியே எதிர்பார்த்துப் போக வேண்டாம்.

மாறாதவையும் இருக்கின்றன. பிற மதத்தவர் பொது இடத்தில் வழிபாடு நடத்த முடியாது. மக்கா நகருக்குள் முஸ்லிம் அல்லாதவர் போகக்கூடாது. தொழிலாளிக்கு மது கிடையாது, பிடிபட்டால் தண்டனை உண்டு. ரமலான் பகலில் பொது இடத்தில் தண்ணீர்கூடக் குடிக்கக்கூடாது. அந்த மாதத்தில் முஸ்லிம் தொழிலாளிக்கு வேலை நேரம் ஆறு மணி என்று சட்டமே சொல்கிறது. அம்மா அரைத்துக் கொடுக்கும் மசாலாவில் கசகசா இருக்கக்கூடாது, அங்கே அது போதைப் பொருள் கணக்கு. மருந்து கொண்டுபோனால் டாக்டர் சீட்டும் கூடவே இருக்கட்டும்.

இனி நான் எழுத்தராக இருந்து கற்றதைச் சொல்கிறேன். விசாவில் ‘தொழில்’ என்ற கட்டத்தில் எழுதியிருக்கும் ஒரே சொல்லைப் பாருங்கள். 2021 மார்ச்சில் ஒரு சீர்திருத்தம் வந்தது. அதன்படி ஒரு வருடம் வேலை பார்த்த பிறகு முதலாளியின் சம்மதம் இல்லாமலே வேறு வேலைக்கு மாறலாம். ஊருக்குப் போய்வரவும் அவர் கையெழுத்து வேண்டாம், கணினி வழியே விண்ணப்பித்தால் போதும். ஆனால் வீட்டு வேலைக்காரர், வீட்டு டிரைவர், தோட்டக்காரர், விவசாயக் கூலி, ஆடு மேய்ப்பவர் ஆகியோருக்கு அது பொருந்தாது என்று ஒதுக்கி வைத்தார்கள். கம்பெனி டிரைவருக்கு ஒரு சட்டம், வீட்டு டிரைவருக்கு வேறொன்று. கிராமத்திலிருந்து போகிறவர்களில் பலர் போவது அந்த ஒதுக்கப்பட்ட வேலைகளுக்குத்தான். ‘கம்பெனி வேலை’ என்று ஏஜெண்ட் வாயால் சொல்வது செல்லாது. தாளில் இருப்பதுதான் செல்லும்.

கம்பெனி வேலைக்குச் சட்டம் சொல்வது இது: நாளுக்கு எட்டு மணி, வாரத்துக்கு 48 மணி. இக்காமா செலவு முதலாளியுடையது. பாஸ்போர்ட்டை அவர் பிடித்து வைக்கக்கூடாது. ஜூன் 15 முதல் செப்டம்பர் 15 வரை பகல் 12 முதல் 3 வரை வெயிலில் வேலை வாங்கக்கூடாது. கணக்கு முடிக்கும்போது முதல் ஐந்து வருடங்களுக்கு வருடத்துக்கு அரை மாதச் சம்பளம், அதன்பின் வருடத்துக்கு ஒரு மாதச் சம்பளம் கிடைக்கும். தாமாக விலகினால் இது குறையும்.

நம் பக்கத்தில் 1983ஆம் ஆண்டு குடிபெயர்வுச் சட்டம் இருக்கிறது. பத்தாம் வகுப்புத் தேறாதவர்களுக்கு அரசு அனுமதி வேண்டும். ஏஜெண்ட் வாங்கக்கூடிய கட்டணம் 30,000 ரூபாயும் அதற்கான வரியும்தான். அதற்கு மேல் கேட்டாலோ, சுற்றுலா விசாவில் போகச் சொன்னாலோ, அந்த ஆளிடம் பாஸ்போர்ட்டைக் கொடுக்காமல் எழுந்து வந்துவிடுங்கள்.

புறப்படும் பிள்ளைகள் ஒப்பந்தத்தை இரண்டு நகல் எடுக்கட்டும். ஒன்று பெட்டியில் போகட்டும், இன்னொன்று வீட்டில் அம்மாவிடம் இருக்கட்டும். படித்துச் சொல்ல ஆள் வேண்டுமென்றால் என் திண்ணை இன்னும் இருக்கிறது. மாலை ஐந்து மணிக்கு மேல் வாருங்கள், கண்ணாடியோடு உட்கார்ந்திருப்பேன்.